ஃபிக்ரி உஸ்தாதின் குழாயும் பேரரசரின் புத்தகமும்

மூன்றாம் மாடி வீட்டில் ஆங்கில டியூஷன் நடத்தும் மிஸ் இன்ஷிராஹ் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பாடத்தின் நடுவில் எழுந்து நின்று கத்தியிருக்கிறார். மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில். கீழே மரப்பட்டறையில் இழைப்பு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதே அந்தக் கத்தல் தம் காதில் விழுந்ததாக ஸக்லூல் மேஸ்திரி சொல்கிறார் என்றால், அது எப்படிப்பட்ட கத்தல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் ஒரு புத்தகம். ரவான் என்கிற மாணவி பையிலிருந்து நோட்டை இழுத்தபோது அதுவும் சேர்ந்து வந்து மேசைமேல் விழுந்தது. வழவழவென்ற அட்டை. அட்டை முழுக்க மிஸ்டர் ஹைத்தமின் முகம், தலையில் வரைந்து ஒட்டிய கிரீடம், கீழே ‘ஆங்கிலப் பேரரசர்’ என்று தங்க எழுத்து. எகிப்தின் தும்யாத் நகரத்தில் அந்த முகத்தைப் பார்க்காமல் ரொட்டி வாங்கிவர முடியாது. ஆட்டோக்களின் முதுகில், மின்கம்பங்களில், ஆற்றுப்பாலத்தின் தூண்களில், ஒரு முறை இறந்தவர் வீட்டுப் பந்தலின் பின்புறத்தில்கூட.

“பேரரசர் இந்த வருஷம் புதுசா போட்டிருக்காரு மிஸ். வால்வினை மட்டும் தனிப் புத்தகம். ரொம்ப நல்லாயிருக்கு,” என்றாள் ரவான், கள்ளம் கபடம் இல்லாமல். அவள் இரண்டு இடத்திலும் படித்தாள். அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் பலரும் அப்படித்தான். பேரரசரிடம் போவது பெருமைக்கு, இன்ஷிராஹிடம் வருவது தேறுவதற்கு.

வால்வினை என்பது இன்ஷிராஹ் வைத்த பெயர். ஒரு சாதாரண ஆங்கில வினைச்சொல்லின் பின்னால் குட்டியாக ஒரு சொல் வந்து வால்போல ஒட்டிக்கொள்ளும். வால் மாறினால் பொருளே தலைகீழாகிவிடும். அந்தப் பெயரையே அட்டையில் பார்த்ததும் அவருக்குப் புருவம் ஏறியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழாம் பக்கத்தைத் திறந்தார். ஆங்கில வாக்கியங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் அரபு.

‘ஃபிக்ரி உஸ்தாத் சமையலறைக் குழாயைச் சரிசெய்வதை மூன்று வருடங்களாகத் தள்ளிப்போடுகிறார்.’ புட் ஆஃப். ‘அவர் மனைவி அந்தச் சொட்டுச் சத்தத்தைச் சகித்துக்கொள்கிறார்.’ புட் அப் வித். ‘விருந்தாளி வந்தால் உஸ்தாத் நல்ல தேயிலையை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்.’ புட் அவே.

“இது என் ஃபிக்ரி!” என்று கத்தினார் மிஸ் இன்ஷிராஹ்.

நல்ல வேளையாக, கீழ்வீட்டு ஃபிக்ரி உஸ்தாதின் மனைவி அப்போது சந்தைக்குப் போயிருந்தார்.

அந்த வாக்கியங்கள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்தால்தான் அந்தக் கத்தலின் நியாயம் புரியும். அரசுப் பாடநூலில் வால்வினைகள் ஒரு நீளமான அட்டவணையாக இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அரபு. பிள்ளைகள் ராவும் பகலும் உருப்போடுவார்கள். தேர்விலோ ஒரே வினைக்கு நான்கு வால்களை மாட்டி, எது சரி என்று கேட்பார்கள். உருப்போட்டதெல்லாம் அந்த நிமிடத்தில் முலூகியாக் கீரைக் குழம்புபோலக் கலங்கிவிடும். பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு பையன் கிவ் அப்புக்கும் கிவ் இன்னுக்கும் என்ன வித்தியாசம் என்று நான்காவது முறையாகக் கேட்டபோது, இன்ஷிராஹ் ஜன்னல் வழியே பார்த்தார். எதிர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புது மாப்பிள்ளை ஒருவன் ஒளிந்து நின்று புகை விட்டுக்கொண்டிருந்தான்.

“அதோ, அவனைப் பாரு. கல்யாணத்தன்னிக்கு சிகரெட்டை விட்டான், அது கிவ் அப். ரெண்டு நாள் தாக்குப்பிடிச்சு ஆசைக்குப் பணிஞ்சுட்டான், அது கிவ் இன். இப்போ வாயெல்லாம் ஏலக்காய் மணக்கப் பொண்டாட்டிகிட்டப் போய்த் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கப் போறான், அது கிவ் அவே.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அதன் பிறகு அந்த மூன்றில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. அன்றிலிருந்து கட்டடத்தில் ஆளுக்கொரு வினை ஒதுக்கப்பட்டது. இரண்டாம் மாடி ஃபிக்ரி உஸ்தாதுக்குப் புட். முதல் மாடி ஹாஜ்ஜா பஹீஜாவுக்கு லுக், ஏனென்றால் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. தரைத்தளத்தில் நாற்காலி செய்யும் ஸக்லூல் மேஸ்திரிக்கு டர்ன். தம் மகளைப் பெண் கேட்டு வந்த ஆறு பேரைத் தட்டிக்கழித்தவர், காலை வேலைக்கு மதியம் வந்து நிற்பவர், அழைப்பில்லாத கல்யாணத்திலும் முதல் பந்தியில் முளைப்பவர். எல்லாரும் சொந்தப் பெயரிலேயே இருந்தார்கள். பிள்ளைகள் படியேறி வரும்போது நேரில் பார்க்கும் ஆட்கள். பெயரை மாற்றினால் மனதில் நிற்குமா? நூற்றுப்பன்னிரண்டு வாக்கியங்கள், ஒரு நீல அட்டை நோட்டு, வருடத்துக்குப் பதினான்கு பிள்ளைகள், பதினான்கு பிரதிகள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில், ‘இந்தப் பிரதி இந்த அறையைத் தாண்டக்கூடாது.’

எந்தப் பிள்ளை தாண்டவைத்தது என்று கேட்டு இனி என்ன பயன்?

மறுநாளே இன்ஷிராஹ் பேரரசரைப் பார்க்கப் போனார். மிஸ்டர் ஹைத்தம் பாடம் நடத்துவது ஒரு கல்யாண மண்டபத்தில். மணமக்கள் உட்காரும் முலாம் பூசிய சோபா மேடையில் அப்படியே இருக்க, அதன் முன்னால் ஒலிபெருக்கியோடு நின்று, ஒருவன் தம்பட்டம் தட்டத் தட்ட, நானூறு பிள்ளைகளைக் கோஷம் போடவைப்பார். இடைவேளையில் மணப்பெண் அலங்கார அறையில் அவரைப் பிடித்தார் இன்ஷிராஹ்.

“வாங்க மிஸ், வாங்க. உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். என்ன குடிக்கிறீங்க?”

“ஒண்ணும் வேண்டாம். உங்க புத்தகத்தைப் படிச்சீங்களா?”

“நான் எழுதினது மிஸ்.”

“அதைக் கேக்கலை. படிச்சீங்களா?”

ஹைத்தம் சிரித்தார். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்; வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது. “மிஸ், வினைச்சொல் யாரோட அப்பன் வீட்டுச் சொத்தும் கிடையாது. அகராதியைத் திறந்தா எல்லாருக்கும் கிடைக்கும்.”

“ஃபிக்ரி உஸ்தாத் எந்த அகராதியில இருக்காரு?”

“யாரு? ஓ, அவரா. அது கற்பனை. பழைய காலத்துப் பேரா இருந்தா பிள்ளைங்க சிரிக்கும்னு நம்ம ஆளுங்க வச்சிருக்காங்க.”

“உங்க கற்பனை எனக்குக் கீழ்வீட்டுல இருக்கு. நேத்துக்கூட படிக்கட்டுல குப்பை வாளியை வச்சிட்டுப் போச்சு.”

பேரரசரின் முகத்தில் ஒரு கணம் நிஜமான திகைப்பு. தன் பெயர் போட்ட புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காத மனிதனின் திகைப்பு அது. ஆனால் நானூறு பேரை ஒரே மூச்சில் அடக்குகிறவருக்கு மூளை வேகம். அடுத்த கணமே சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க. ‘உங்க குழாயைப் பத்தி எழுதினது நான்தான், நீங்க தேயிலையை ஒளிக்கிறதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்’னு அவர் முன்னாடி, என் பிள்ளைங்க முன்னாடி சொல்லுங்க. அடுத்த நிமிஷம் புத்தகத்தை நிறுத்திடறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இல்லேன்னா என்கூட வந்து சேர்ந்துடுங்க மிஸ். வாக்கியம் அழகா எழுதறீங்க.”

இன்ஷிராஹுக்கு வந்த கோபத்தில் காலணியைக் கழற்றியிருப்பார். பதினான்கு பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் என்பதால் கழற்றவில்லை. பாலத்தின்மேல் நடந்து வரும்போது தூணுக்குத் தூண் அந்தக் கிரீடம் அவரைப் பார்த்துச் சிரித்தது. திருடியவன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான், பறிகொடுத்தவள் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள், இதென்ன நியாயம்? ஆனால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. நோட்டு என்னுடையது என்று வாயைத் திறந்தால், அந்தக் கட்டடத்தில் அவரால் மறுபடி படியேற முடியாது. இரண்டு நாட்கள் கோபத்தை மென்று விழுங்கிக்கொண்டு, பேசாமல் இருந்தார்.

அதற்குள் புத்தகம் கட்டடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

முதலில் பக்கத்து ஊரான ஃபாரஸ்கூரிலிருந்து ஃபிக்ரி உஸ்தாதின் தங்கை மகன் போனில் கூப்பிட்டு, “மாமா, குழாய் சரியாச்சா?” என்று கேட்டான். நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற மனிதர் அவர். ஒரு கோப்பிலும் தம் தவறு என்று எழுதவிட்டதில்லை. பிறகு ஹாஜ்ஜா பஹீஜா காய் வாங்கப் போன இடத்தில் கடைக்காரரின் மகள், “கூடையை மூடிக்கோங்க, ஹாஜ்ஜா வந்தாச்சு!” என்று பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தாள். ஸக்லூல் மேஸ்திரியைப் பற்றி ஆட்டோவில் போன நான்கு பையன்கள் தாளம் போட்டே பாடிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கட்டடம் கூடியது. வாசல் கூடத்தில், மேஸ்திரியின் வார்னிஷ் அடிக்காத நாற்காலிகளில் ஆளுக்கொன்று பிடித்து உட்கார்ந்தார்கள். இன்ஷிராஹ் மூன்றாவது படியில் நின்றுகொண்டார், வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் இருக்க.

“அந்த ஆளு நம்ம தெருப்பக்கம் காலே வச்சதில்லை. என் வீட்டுக்குள்ள நடக்கறது அவனுக்கு எப்படித் தெரியும்?” ஃபிக்ரி உஸ்தாத் புத்தகத்தை மடியில் அறைந்தார். “உள்ளேயிருந்து யாரோ போய்ச் சொல்லியிருக்காங்க. உளவு!”

“எல்லா வீட்டுக்குள்ளயும் போறது யாரு? அதைப் பாருங்க முதல்ல,” என்றார் ஹாஜ்ஜா பஹீஜா.

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. படிக்கட்டும் வீடுகளும் துடைக்கும் உம் ரிதா வாளியோடு சுவரோரம் நின்றிருந்தாள்.

“அவளுக்குப் படிக்கவே தெரியாதே,” என்றார் மேஸ்திரி.

“படிக்கத் தெரியாதவளுக்கு வாய் இருக்காதா? இங்கிலீஷ்காரன் எழுதிக்கிட்டான், இவ சொல்லிக்கொடுத்தா. அவ்வளவுதான். நாளையிலேர்ந்து வேற ஆளைப் பார்த்துக்கலாம்.”

உம் ரிதா வாளியைக் கீழே வைத்தாள். பதறவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“ஹாஜ்ஜா, இந்தக் கட்டடத்து வீடுகளைப் பன்னெண்டு வருஷமா துடைக்கிறேன். சொல்றவளா இருந்தா குழாயோட நிறுத்தியிருப்பேனா?”

ஆளாளுக்குத் தம்தம் வீட்டை மனதில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள். மேஸ்திரி இருமினார்.

“பார்த்தீங்களா, மிரட்டறா!” என்றார் ஃபிக்ரி உஸ்தாத். “இதுக்கப்புறமும் இவளை உள்ள விடறதா?”

மூன்றாவது படியில் இன்ஷிராஹுக்குக் காது சுட்டது. தம்மைக் கொள்ளையடித்தவன் மண்டபத்தில் கிரீடத்தோடு இருக்க, ஒரு எழுத்துகூட அறியாத பெண்ணை அதே குற்றத்துக்காக வெளியே தள்ளுகிறார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றால் தானும் அந்தக் கொள்ளையில் பங்காளி.

“அவ இல்லை,” என்றார். “நான்.”

யாருக்கும் புரியவில்லை. அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, நீல நோட்டைப் பற்றி, பதினொரு வருடத்தைப் பற்றி, பேரரசரின் அலங்கார அறையைப் பற்றி, ஒளிக்காமல் சொல்லி முடித்தார்.

முதலில் வெடித்தவர் ஃபிக்ரி உஸ்தாத். “மிஸ், உங்களைப் படிச்சவங்கன்னு நினைச்சேன்! பொய்யை எழுதிப் பிள்ளைங்களுக்கு விக்கிறீங்களே! என் வீட்டுக் குழாய் சொட்டவே இல்லை!”

“அது சொட்டறது மூணு மாடிக்கும் கேக்குது உஸ்தாத்,” என்றார் ஹாஜ்ஜா பஹீஜா. “அவரைப் பத்தி எழுதினது ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். ஆனா என்னைப் பத்தி எழுதியிருக்கியே இன்ஷிராஹ், அது அபாண்டம். நான் எவ கூடையையும் எட்டிப் பார்த்ததில்லை.”

“அப்படியா ஹாஜ்ஜா? நேத்து என் பையில என்ன இருந்துச்சு?” என்று கேட்டார் மேஸ்திரி.

“மடவை மீன். அதுவும் ஐஸ்ல வச்சது, ரெண்டு நாள் பழசு.”

“கேட்டுக்கோங்க!”

“நீ மட்டும் என்ன யோக்கியம்? பட்டறையை எத்தனை மணிக்குத் திறக்கறேன்னு உன் கடைத் தச்சன்களைக் கேளு!”

“மேஸ்திரி விஷயம் உண்மைதான், அதுல சந்தேகமே இல்லை,” என்று ஃபிக்ரி உஸ்தாத் அவசரமாக ஒப்புதல் முத்திரை குத்தினார்.

அரை மணி நேரம் இப்படியே போனது. தம் பக்கம் பொய், அடுத்தவர் பக்கம் வேதம். சத்தம் ஓய்ந்தபோது உம் ரிதாவை யாரும் மறுபடி குற்றம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவளே வாளியை எடுத்துக்கொண்டு, “நாற்காலியைத் தூக்குங்க, துடைக்கணும்,” என்றாள்.

இன்ஷிராஹுக்குக் கோபம் தீரவில்லை. “என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. நான் செஞ்சது தப்பு. ஆனா அவன்? உங்களைக் கற்பனைன்னு சொல்றான். ஃபிக்ரி உஸ்தாத்னு ஒரு ஆளே இல்லையாம். பிள்ளைங்க சிரிக்கறதுக்காக வச்ச பழைய காலத்துப் பேராம்.”

“யாரு பழைய காலம்?” ஃபிக்ரி உஸ்தாத் எழுந்து நின்றார்.

அங்கேதான் காற்று திரும்பியது. மிஸ் செய்தது துரோகம்தான், ஆனால் வீட்டுக்குள் நடந்த துரோகம். நம் அழுக்கை நம்மில் ஒருத்தி எழுதினாள், நம் படியேறி வந்த பதினான்கு பிள்ளைகளுக்குச் சொன்னாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் அதைச் சுருட்டிக்கொண்டு போய், தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு, ஆளே கிடையாது என்பதா? ஹாஜ்ஜா பஹீஜா முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டார். “எப்போ போறோம்?”

“பொறுங்க,” என்றார் ஃபிக்ரி உஸ்தாத். பதிவு அலுவலகத்துக்காரர் நிபந்தனை இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். “நாங்க வந்து சாட்சி சொல்றோம். ஆனா இந்தக் கட்டடத்துல ஒரு ஆளைப் பத்தி மட்டும் நோட்டுல ஒரு வரியும் இல்லை. மிஸ் இன்ஷிராஹ் பேர்ல ஒரு பக்கம் வரணும். நாங்க சொல்றபடி. நீங்க இனிமே போடற புத்தகத்துல அதுவும் இருக்கணும்.”

“என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு?” என்று கேட்டார் இன்ஷிராஹ், உண்மையாகவே தெரியாமல்.

“அதை நாங்க பார்த்துக்கறோம் கண்ணு,” என்றார் ஹாஜ்ஜா.

ஞாயிற்றுக்கிழமை மாலை, நாற்காலி ஏற்றும் மூன்று சக்கர வண்டியில் கட்டடம் கிளம்பிப் போனது. மண்டபத்தில் நானூறு தலைகள். பேரரசர் அவர்களைக் கண்டதும் மலர்ந்த முகத்தோடு ஒலிபெருக்கியிலேயே வரவேற்றார். கூட்டத்தின் முன்னால் அவர் தோற்றதே இல்லை. இன்ஷிராஹ் மேடையேறி, இது என் நோட்டு, இவர்கள் என் அண்டைவீட்டார், என்றார். ஃபிக்ரி உஸ்தாத் அடையாள அட்டையை உயர்த்திக் காட்டினார்.

“மகிழ்ச்சி உஸ்தாத்,” என்றார் ஹைத்தம். “பேர் ஒத்துப்போறது சகஜம். அப்ப சொல்லுங்க, உங்க குழாய் சொட்டுதா?”

ஃபிக்ரி உஸ்தாதின் கழுத்து சிவந்தது. முப்பத்துநான்கு வருடம் எந்தக் கோப்பிலும் எழுதாத ஒன்றை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னான் அந்தப் பையன். கீழேயிருந்து ஹாஜ்ஜா, “சொட்டுது!” என்று கத்தினார்.

“நீங்க சும்மா இருங்க ஹாஜ்ஜா!” உஸ்தாத் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். “சொட்டுது. மூணு வருஷமா சொட்டுது. தேயிலையும் நான்தான் எடுத்து வைக்கிறேன், என் தேயிலை, என் இஷ்டம்! அதுக்காக நான் இல்லேன்னு ஆயிடுவேனா? நீ யாருடா என்னை இல்லேன்னு சொல்ல?”

மண்டபம் கைதட்டியது. மேஸ்திரி ஆறு மாப்பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகச் சொன்னார்; ஏழாவதாக மூன்றாம் வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று கையை ஆட்ட, அவனை உட்காரச் சொன்னார். அப்போது ரவான் எழுந்தாள். ஹைத்தம் மாணவியாகத்தான் எழுந்தாள்.

“மிஸ்டர், ஒன்பதாம் பக்கம். ஹாஜ்ஜா பஹீஜா கூடையை லுக் ஓவர் பண்றாங்க, அப்புறம் லுக் இன்டு பண்றாங்க, வழியில எதிரியை லுக் த்ரூ பண்றாங்க. மூணுக்கும் என்ன வித்தியாசம்?”

“எல்லாம் பார்க்கறதுதான் கண்ணு. கேள்வியில எது இருக்கோ அதைக் குறிச்சிட்டு அடுத்ததுக்குப் போ.”

“போன வருஷக் கேள்வியில நாலுமே லுக் மிஸ்டர்.”

பேரரசர் தம்பட்டக்காரனைப் பார்த்தார். அவனுக்கும் தெரியவில்லை.

இன்ஷிராஹ் ஒலிபெருக்கி இல்லாமலேயே பேசினார். இருபத்தெட்டு வருட அரசுப் பள்ளித் தொண்டை அது. “ஒரு கூடை தெருவில போகுது. மேலேர்ந்து கீழே வரைக்கும் சட்டுனு ஒரு பார்வை, அது லுக் ஓவர். அதுல ஒரு முழு வாத்து இருக்கு. இன்னிக்கு என்ன விசேஷம், யாரு வர்றா, பொண்ணு பார்க்கவான்னு நாலு வீட்டுல விசாரிச்சு முடிவு தெரியற வரைக்கும் சோறு இறங்காது. அது லுக் இன்டு.”

“அந்த வாத்து நிச்சயதார்த்தத்துக்குத்தான்,” என்றார் ஹாஜ்ஜா கீழேயிருந்து.

“லுக் த்ரூ?” என்று கேட்டது மண்டபம்.

ஹாஜ்ஜா பஹீஜா தாமாகவே மேடையேறினார். முழங்கால் வலி, யாரும் கை கொடுக்கவிடவில்லை. பேரரசர் இரண்டு கையையும் நீட்டி, “வாங்க ஹாஜ்ஜா,” என்றார். ஹாஜ்ஜா அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றார். அவர் இருக்கும் இடத்தில் வெறும் காற்று இருப்பதுபோல, அவருக்குப் பின்னால் இருந்த சோபாவை நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவரைத் தாண்டிப் போய் அதில் உட்கார்ந்துகொண்டார்.

நானூறு பிள்ளைகளுக்கும் அந்த நிமிடத்தில் புரிந்தது. அதற்கப்புறம் யாரும் கோஷம் போடவில்லை.

புத்தகத்தை நிறுத்துவதாக ஹைத்தம் அங்கேயே சொன்னார், வேறு வழியில்லாமல். நிறுத்தவும் செய்தார், பத்து நாள். பதினோராவது நாள் புது அட்டையோடு வந்தது. ஃபிக்ரி இருந்த இடத்தில் அலீ, பஹீஜா இருந்த இடத்தில் முனா. ‘அலீ குழாயைச் சரிசெய்வதைத் தள்ளிப்போட்டான்.’ எந்த அலீ, யார் வீட்டுக் குழாய் என்று யாருக்கும் அக்கறையில்லை. இருந்தாலும் விற்றது, கிரீடத்துக்கு அந்த பலம் உண்டு. வக்கீல் ஒருவரிடம் போனார் இன்ஷிராஹ். “அலீமேல வழக்குப் போட முடியாது மிஸ்,” என்றுவிட்டார் அவர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

சரி, இனி நோட்டாக வைத்திருந்து பயனில்லை. தன் பெயரைப் போட்டுத் தானே புத்தகமாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஃபிக்ரி உஸ்தாத் கதவைத் தட்டினார். பின்னால் ஹாஜ்ஜா, மேஸ்திரி, இரண்டு படி தள்ளி உம் ரிதா. உஸ்தாத் கையில் கோடு போட்ட தாள், அடியில் நான்கு கையெழுத்து, அதில் ஒன்று கட்டைவிரல் ரேகை.

“பேசினபடி உங்க பக்கம்.”

இன்ஷிராஹ் வாசலில் நின்றபடியே வாங்கிப் படித்தார். கட்டடம் அவருக்கு லெட் என்கிற வினையை ஒதுக்கியிருந்தது.

‘மிஸ் இன்ஷிராஹ் எங்கள் வீட்டு ரகசியங்களை வெளியே விட்டார்.’ லெட் அவுட். ‘நம்பியிருந்த எங்களை ஏமாற்றமடையவைத்தார்.’ லெட் டவுன். ‘பதினொரு வருடங்களில் எங்களில் ஒருவரையும் தம் வீட்டுக்குள் விட்டதில்லை.’ லெட் இன்.

அவர் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. வால்களைப் பார்த்தார், காலத்தைப் பார்த்தார், முற்றுப்புள்ளியைக்கூடப் பார்த்தார். ஓரிடத்திலும் கோடு போட வழியில்லை. “யாரு எழுதிக்கொடுத்தது?”

“ரவான். நல்ல பொண்ணு,” என்றார் ஹாஜ்ஜா. “உன்கிட்டதானே படிக்கிறா.”

“முதல் ரெண்டும் சரி, ஒத்துக்கறேன். மூணாவது பொய்! அக்கிரமம்! இதைப் போடமாட்டேன்!”

“எது பொய்? ஒரு நாளைச் சொல்லுங்க மிஸ், இங்கேயே அடிச்சிடறேன்,” என்று உஸ்தாத் பேனாவைத் திறந்தார். கிண்டல் இல்லை, உண்மையாகவே அடிக்கத் தயாராக நின்றார்.

இன்ஷிராஹ் யோசித்தார். பெருநாளுக்கு ஹாஜ்ஜா கொண்டுவந்த மிஷப்பிக் இனிப்புத் தட்டு. அதைக் கதவிடுக்கில்தான் வாங்கினார், உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. அம்மா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள். அவர்களுக்குக் கீழே தெருவில் பந்தல் போட்டிருந்தது. மேஸ்திரி மேசையின் கால் சரிசெய்ய வந்த நாள். மேசையைத்தான் கீழே இறக்கினார்கள். உம் ரிதா வாசற்படி வரைக்கும்தான் துடைப்பாள், உள்ளே தானே துடைத்துக்கொள்வார். ஒரு தேநீர், ஒரே ஒரு தேநீர். நால்வரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவர் நின்றிருந்தது வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கை கதவின்மேல்.

“நான் யோசிச்சுச் சொல்றேன்,” என்றார் கடைசியில், கோபமாக.

“யோசிங்க, யோசிங்க,” என்று அவர்கள் இறங்கிப் போனார்கள்.

சனிக்கிழமை காலை ஜெராக்ஸ் கடை ஸப்ரியிடம் பக்கங்களைக் கொடுத்தபோது நூற்றுப்பதினைந்து வாக்கியங்கள் இருந்தன. ஸப்ரி ஒவ்வொரு தாளாகப் புரட்டி, அடியிலிருந்த அரபைப் படித்துச் சிரித்துக்கொண்டே போனவர், கடைசிப் பக்கத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

“இது உங்களைப் பத்தியா மிஸ்? இது… நிஜமா?”

“வாக்கியத்துல பிழை இருக்கா?” என்று சீறினார் மிஸ் இன்ஷிராஹ்.

“எனக்கென்ன தெரியும் இங்கிலீஷு?”

“எனக்குத் தெரியும். இல்லை. அச்சடி.”